பட்டன் தேயாமல் செத்த டயர்: ஒரு நிகழ்வு ஆய்வு

2024 பிப்ரவரியில், கும்பகோணத்தில் அக்கா வீட்டு போர்ட்டிகோவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அத்தானின் கார் டயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். டயரின் தரை தொடும் முகத்தில் கட்டங்கட்டமாகப் புடைத்திருக்கும் ரப்பரைத்தான் பட்டன் என்போம். அதன் நடுப் பள்ளத்துக்குள் கட்டைவிரல் நகத்தை விட்டேன். கிட்டத்தட்ட பாதி நகம் உள்ளே போயிற்று. "பட்டன் நன்றாக இருக்கிறது அத்தான். இன்னும் 25,000 கிலோமீட்டர் தாராளமாக ஓடும்" என்றேன். அவர் நம்பினார். நம்பக் காரணமும் இருந்தது. அரசு போக்குவரத்துக் கழகப் பணிமனை ஒன்றில், டயர்ப் பிரிவில் 26 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான்.

மே மாதம், விக்கிரவாண்டிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே, அந்த நான்கில் ஒன்று தோலுரிந்தது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் வாசிப்பவர் மனம் அங்கேயே நின்றுவிடும். ஆகாததற்கு அத்தானின் நிதானம் பாதிக் காரணம், பின்னால் லாரி எதுவும் வராதது மீதிக் காரணம்.

பேத்தியின் காதணி விழாவுக்காகச் சென்னை போய்க்கொண்டிருந்தார்கள். காரில் ஐந்து பேர். டிக்கியில் 25 கிலோ அரிசி மூட்டை ஒன்று, இரண்டு கூடை மாம்பழம், துணிப் பெட்டிகள். கத்திரி வெயில், மணி ஒன்றரை. நாற்கரச் சாலையில் ஏறியதும் அத்தான் 95 வரை போயிருக்கிறார். கடைசி இருபது நிமிடங்களாக "ஏதோ தட்டுகிறது" என்று பின்சீட்டிலிருந்து அக்கா சொல்லிக்கொண்டே வந்திருக்கிறாள். துப், துப், துப் என்று ஒரே தாளமாக. வேகம் கூடினால் தாளமும் கூடியது. சாலையின் ஒட்டுவேலைதான் சத்தம் போடுகிறது என்று அத்தான் சொல்லிவிட்டார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது, கண்ணாடிகள் ஏற்றியிருந்தன, பாட்டும் போட்டிருந்தார்கள்.

பிறகு பின்பக்கம் இடப்புறத்தில் பலகை முறிவது போல ஒரு சத்தம். காரின் வால் ஒரு பக்கமாக இழுத்தது. அத்தான் பிரேக்கில் காலை வைக்கவில்லை. ஸ்டீயரிங்கை இரு கையாலும் இறுக்கிப் பிடித்து, ஆக்சிலேட்டரிலிருந்து மட்டும் காலை எடுத்து, வண்டி தானாகத் தளரும்வரை பொறுத்து, இடது ஓரத்தில் ஒதுங்கினார். டயர் பிரியும்போது பிரேக்கை மிதித்தால் எடை முன்னால் பாயும், பின்சக்கரங்கள் பிடியை இழக்கும், வண்டி சுழலும். இதை எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று பிறகு கேட்டேன். "பயத்தில் கால் நகரவில்லை மாப்பிள்ளை" என்றார்.

ஸ்டெப்னியை எடுத்தார்கள். எட்டு ஆண்டுகளாகத் தரையைத் தொடாத டயர், ரப்பர் மயிர்கள்கூட உதிராமல் புத்தம் புதிதாக இருந்தது. மாட்டி, ஜாக்கியை இறக்கியதும் பாதி அமுங்கிவிட்டது. அதில் காற்று இல்லை. நெடுஞ்சாலை ரோந்து வண்டிக்காரர் ஒருவர் அழைத்துவந்த பஞ்சர் கடைப் பையன் அளந்தபோது காற்றழுத்தம் 14 பவுண்டு காட்டியதாம். காற்றடித்து, அதே ஸ்டெப்னியில் 60-க்கு மேல் போகாமல் சென்னை சேர்ந்தார்கள். காதணி விழாவுக்குக் காலையிலேயே போய்ச் சேர்ந்திருந்த நான், மாலையில் அவர்கள் முகங்களைப் பார்த்த பிறகுதான் விஷயத்தைக் கேட்டேன். கிழிந்த டயரை யாரும் தூக்கிப் போட வேண்டாம், எனக்கு வேண்டும் என்றேன்.

காரின் கதை சிறியது. 2016 ஆகஸ்டில் வாங்கிய சிறிய செடான். அத்தான் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். கோயில், மருத்துவமனை, கல்யாணம், வருடத்துக்கு இரண்டு முறை சென்னை. அன்றைக்கு மீட்டரில் 31,400. அதாவது வருடத்துக்கு ஏறக்குறைய நாலாயிரம்தான். மீதி நேரமெல்லாம் போர்ட்டிகோவில் நின்றது. வீடு வடக்குப் பார்த்தது. காரைத் தெருவைப் பார்க்க நிறுத்துவார்கள். அதனால் காரின் இடப்பக்கம் மேற்குப் பார்த்து நிற்கும். பிற்பகல் இரண்டு மணி முதல் சூரியன் சாயும்வரை இடப்பக்க டயர்கள் இரண்டும் வெயிலில் வேகும். இந்த விவரம் எனக்கு எட்டு ஆண்டுகளாகத் தெரியும். அந்தத் திண்ணையில் உட்கார்ந்துதான் காபி குடிப்பேன்.

விழா முடிந்த மறுநாள் காலை, வண்டி ஓடாமல் இரவெல்லாம் நின்றிருந்த நிலையில், மற்ற டயர்களில் காற்றை அளந்தேன். வலது பின்சக்கரம் 24. முன்சக்கரங்கள் 26-ம் 27-ம். ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருந்த தாளில், முழுச் சுமைக்குப் பின்சக்கரத்துக்கு 33 என்று போட்டிருந்தது. பிரிந்த டயரிலும் ஏறத்தாழ வலப்பக்கத்து அளவே இருந்திருக்கும் என்று கொள்வது நியாயம். எந்த டயரும் மாதத்துக்கு ஒரு பவுண்டு அளவுக்காவது காற்றைத் தானாகவே இழக்கும். கடைசியாக எப்போது காற்றுப் பிடித்தீர்கள் என்று அத்தானைக் கேட்டேன். பொங்கலுக்கு முன்னால் என்றார்.

டயரை ஊருக்கு எடுத்துவந்து, கொல்லைப்புறத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்தேன்.

முதலில் தேதி. டயரின் பக்கச்சுவரில் 'டாட்' (DOT) என்று தொடங்கும் எழுத்து வரிசை இருக்கும். அதன் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் ஆண்டும். இதில் 2216. 2016-ஆம் ஆண்டின் 22-ஆம் வாரம், அதாவது மே கடைசி அல்லது ஜூன் தொடக்கம். இந்த நான்கு இலக்கங்கள் பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். இந்த டயரில் அது உட்பக்கமாகப் போயிருந்தது. காருக்குக் கீழே படுத்து டார்ச் அடித்தால்தான் தெரியும். பிப்ரவரியில் நான் படுக்கவில்லை. வெள்ளை வேட்டி கட்டியிருந்தேன்.

அடுத்து பட்டன். ஆழமானியை வைத்து நான்கு இடங்களில் அளந்தேன், சராசரி 4.8 மில்லிமீட்டர். புது கார் டயரில் ஏறக்குறைய 8 இருக்கும். நம் மோட்டார் வாகன விதி காருக்குக் கேட்பது 1.6. ஆக 31,400 கிலோமீட்டரில் 3.2 தேய்ந்திருக்கிறது, இன்னும் 3.2 தேயலாம். கணக்குப்படி பாதி ஆயுள் மீதி. பிப்ரவரியில் நான் சொன்னது கணக்கில் பிழையில்லை. அதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது.

பிறகு பக்கச்சுவர். தூரத்திலிருந்து பார்த்தால் கறுப்பு. விரலால் அழுத்தி மடக்கினால், வெடித்த வயல் போல மெல்லிய கோடுகள் திறந்துகொண்டன. பட்டன் பள்ளங்களின் அடியிலும் அதே கோடுகள், சுற்று முழுதும். நகத்தை விட்டுப் பார்த்தேனே, அதே பள்ளம். நகம் ஆழத்தை அளந்தது. அடியில் இருந்த வெடிப்பைக் கண்தான் பார்த்திருக்க வேண்டும்.

ஆணி, கண்ணாடி, பஞ்சர் எதுவும் இல்லை. உட்பக்கத்தில், பக்கச்சுவர் வளையும் இடத்தில், சுற்றிலும் ஒரு மங்கிய வளையம். குறைந்த காற்றில் நீண்ட தூரம் மடங்கி மடங்கி ஓடிய தடம். இரும்பு அறுக்கும் ரம்பத்தால் குறுக்கே வெட்டினேன். கார் டயரின் பட்டனுக்கு அடியில் இரண்டு அடுக்கு எஃகுக் கம்பிப் பட்டைகள் இருக்கும். அவற்றுக்கு நடுவே இரண்டையும் ஒட்டிவைக்கும் மெல்லிய ரப்பர். பிரிந்தது அங்கேதான்: மேல் பட்டை பட்டனோடு சேர்ந்து உரிந்து போயிருந்தது. உரிந்த இடத்தின் பெரும்பகுதி சொரசொரப்பாக, அன்று புதிதாகக் கிழிந்ததாக இருந்தது. ஆனால் ஒரு ஓரத்தில், ஒரு சாண் நீளத்துக்கு, ரப்பர் வழவழவென்று தேய்ந்து மெருகேறியிருந்தது. அந்த மெருகு ஒரு நாளில் வராது. பட்டையின் விளிம்பு விட்டுப்போய், ஒவ்வொரு சுற்றிலும் மேலும் கீழும் உரசிக்கொண்டே பல நூறு கிலோமீட்டர் ஓடியிருக்க வேண்டும். பிரிவு எப்போதோ தொடங்கிவிட்டது. அக்கா கேட்ட துப், துப் அதன் கடைசிக் கட்டம்.

தேயாத ரப்பர் எப்படிச் சாகிறது? டயருக்குள் அடைத்த காற்றிலுள்ள ஆக்சிஜன் ரப்பருக்குள் மெதுவாக ஊடுருவிக்கொண்டே இருக்கிறது. எஃகுப் பட்டைகளுக்கு நடுவேயுள்ள ரப்பரை அது உள்ளிருந்து கெட்டியாக்குகிறது. ரப்பரின் இழுபடும் தன்மை குறைகிறது, பட்டைகளை ஒட்டிவைக்கும் பிடிப்பும் குறைகிறது. வெப்பம் கூடக்கூட இந்த வேலை விரைவாக நடக்கும். வெளியே ஓசோன் வாயு பக்கச்சுவரை வெடிக்கச் செய்கிறது. அதைத் தடுக்கவே ரப்பரில் ஒரு காப்பு ரசாயனம் கலந்திருப்பார்கள். பழைய டயரின் மேல் பழுப்பாகப் பூத்திருப்பது அதுதான். டயர் ஓடி, மடங்கி, நிமிரும்போதுதான் அது உள்ளிருந்து மேற்பரப்புக்கு நன்றாக வந்து சேரும். நின்றுகொண்டே இருக்கும் டயருக்கு அந்தக் காப்பும் குறைவு. 'ஓடவே இல்லை, அப்படியே வைத்திருந்தோம்' என்று பெருமையாகச் சொல்லப்படும் கார்களின் டயர்கள்தான் இந்த வகையில் மோசம். பழுப்பைக் கண்டு அசிங்கம் என்று பாலிஷ் அடித்துக் கறுப்பாக்கி வைப்பவர்கள் வெடிப்பையும் சேர்த்து மறைத்துவிடுகிறார்கள்.

வயது வலுவைக் குறைத்து வைத்திருந்தது. அதன் மேல் அன்று நான்கு சுமைகள் ஏறின: 33 இருக்க வேண்டிய இடத்தில் 24 காற்று, ஐந்து பேரும் அரிசியும் மாம்பழமும், 95 வேகம், கை வைக்க முடியாத தார்ச்சாலை. காற்று குறைந்தால் பக்கச்சுவர் அதிகம் மடங்கும், மடங்கினால் சூடு ஏறும், சூடு பட்டை விளிம்பில் போய்த் திரளும். டயர் புதிதாக இருந்திருந்தால் 24 காற்றோடும் சென்னை போயிருக்கலாம். காற்று சரியாக இருந்திருந்தால் இந்தக் கிழ டயரும் அன்றைக்குத் தப்பியிருக்கலாம், அடுத்த கோடையில் சிக்கியிருக்கும். எது முதல் குற்றவாளி என்று கேட்டால் வயதைத்தான் சொல்வேன். காற்று ஐந்து நிமிட வேலை. மெருகேறிய அந்த ஒரு சாண் நீளத்தை எந்தக் காற்றும் ஒட்டவைக்காது.

சூடும் குறைந்த காற்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் ஒரு பெரிய விலை கொடுத்திருக்கிறது. 2000 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிகளில் ஓடியவை. இதே போலப் பட்டன் உரிந்து, வண்டி கவிழ்ந்து, 271 பேர் இறந்ததாக அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் கணக்கிட்டது. அதில் தயாரிப்புக் குறையும் உண்டு, அது வேறு கதை. ஆனால் ஃபோர்டு அந்த வண்டிக்குப் பரிந்துரைத்திருந்த காற்று 26 பவுண்டுதான் என்பதும், விபத்துகள் வெயில் கொளுத்தும் தென் மாநிலங்களில் குவிந்தன என்பதும் கவனிக்க வேண்டியவை. அதன் விளைவாக வந்த சட்டத்தால்தான் காற்று குறைந்தால் விளக்கு எரியும் கருவி அங்கே புதுக் கார்களில் கட்டாயமாயிற்று. அத்தானின் காரில் அந்த விளக்கு கிடையாது.

எனக்கு ஏன் தெரியாமல் போயிற்று என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். பணிமனையில் ஒவ்வொரு டயருக்கும் ஒரு எண், ஒரு அட்டை. எந்தப் பஸ்ஸில் மாட்டினோம், எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எத்தனை முறை ரீட்ரெட் செய்தோம் (தேய்ந்த டயரில் புதுப் பட்டன் ஒட்டுவது), எதனால் கழித்தோம் எல்லாம் அதில் இருக்கும். புது டயர் முன்சக்கரத்துக்கு, ரீட்ரெட் பின்சக்கரத்துக்கு. வெளியூர்ப் பஸ் நாளொன்றுக்கு 500 கிலோமீட்டர் ஓடும். புது டயரின் பட்டன் ஓராண்டு தாங்கினால் பெரிது. அங்கே எந்த டயருக்கும் கிழவனாக நேரம் இருந்ததில்லை. 26 ஆண்டுகளில் தயாரிப்பு வாரத்தை நான் ஒரு முறைகூடக் கேள்வியாகப் பார்த்ததில்லை. கிலோமீட்டர் கணக்கில் ஊறியவன், வருஷக் கணக்கை மறந்தேன்.

இந்தத் தவறு எனக்கு மட்டும் உரியதல்ல என்பதை, பிறகு தேடிப் படித்த இங்கிலாந்து வழக்கு ஒன்று காட்டியது. 2012 செப்டம்பரில், வைட் தீவில் நடந்த இசை விழா முடிந்து லிவர்பூல் திரும்பிய ஒரு பஸ், சர்ரே மாவட்டத்தில் ஹைண்ட்ஹெட் அருகே ஏ3 சாலையில் மரத்தில் மோதியது. ஓட்டுநரும் இரண்டு பயணிகளும் இறந்தார்கள். வெடித்தது முன்சக்கர டயர். பட்டன் ஆழம் சட்டப்படி சரியாக இருந்தது. டயரின் வயதோ 19 ஆண்டு 6 மாதம். அந்தப் பஸ்ஸைவிட மூத்த டயர். இறந்தவர்களில் ஒருவருக்கு வயது 18, அவரைவிடவும் மூத்தது. அதை மாட்டியது குற்றமென்று சொல்ல அன்றைக்கு அங்கே விதி இல்லை. அந்த இளைஞரின் தாய் பிரான்சிஸ் மல்லாய் பல ஆண்டுகள் விடாமல் போராடினார். 2021 பிப்ரவரி 1 முதல் பிரிட்டனில் லாரி, பஸ் ஆகியவற்றின் முன் அச்சிலும், மினி பஸ்ஸின் ஒற்றை டயர்ச் சக்கரங்களிலும் பத்தாண்டைத் தாண்டிய டயர் மாட்டத் தடை வந்தது. தயாரிப்புத் தேதி அழியாமல் தெரிய வேண்டும் என்பதும் விதியில் சேர்ந்தது. சொந்தக் கார்கள் அந்தத் தடைக்குள் வரவில்லை.

ஆக, கார்க்காரருக்கு வயதைச் சொல்வது சட்டமில்லை, தயாரிப்பாளர்களின் அறிவுரைதான். மிஷலின் போன்ற டயர் நிறுவனங்கள் ஐந்தாண்டு கடந்ததும் வருடம் ஒருமுறை தேர்ந்தவரிடம் காட்டச் சொல்கின்றன. எவ்வளவு அழகாக இருந்தாலும், ஸ்டெப்னி உட்பட, பத்தாண்டோடு கழிக்கச் சொல்கின்றன. கார் நிறுவனங்கள் சில ஆறாண்டிலேயே மாற்றச் சொல்கின்றன. பத்து என்பது வெளி எல்லை. குளிர் நாட்டுக்கும் தஞ்சை வெயிலுக்கும் சேர்த்துச் சொன்ன எண். என் கருத்து இது: நம் ஊரில் ஆறாவது ஆண்டிலேயே டயரைச் சந்தேகப்பட வேண்டும், ஏழில் விடை கொடுத்துவிட வேண்டும். வெயிலில் நிற்கும் கார் என்றால் ஆறே போதும். தினமும் ஓடும் காருக்கு இந்தப் பேச்சே தேவையில்லை. 40,000, 50,000 கிலோமீட்டரில் பட்டனே சொல்லிவிடும். பட்டனிலும் 1.6 வரை காத்திருக்க வேண்டாம். மழைக்காலத்தில் பள்ளம்தான் தண்ணீரை வெளியேற்றுகிறது. 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுபவரை நான் ஊதாரி என்று சொல்ல மாட்டேன்.

பக்கச்சுவரில் கொப்புளம் போலப் புடைப்பு இருந்தால் வயதும் வேண்டாம், ஆழமும் வேண்டாம். உள்ளே நூல் அறுந்துவிட்டது. அன்றைக்கே கழற்ற வேண்டியது. ஒரே தாளத்தில் தட்டும் சத்தமும் அப்படியே. வேகத்தோடு சேர்ந்து கூடிக் குறைந்தால் அது சாலை அல்ல, சக்கரம். பாட்டை நிறுத்திவிட்டு ஓரம் கட்ட வேண்டும்.

அடுத்த வாரம் அத்தானோடு டயர்க் கடைக்குப் போனேன். நான்கா ஐந்தா என்று ஒரு சிறிய வாக்குவாதம். ஸ்டெப்னியைத் தொடவே இல்லையே என்றார் அத்தான். அதன் நான்கு இலக்கங்களைக் காட்டினேன்: அதுவும் 2216. ஐந்தாக வாங்கினோம், ரூபாய் இருபத்தைந்தாயிரத்தைத் தாண்டியது. கடைப் பையன் கொண்டுவந்ததில் மூன்று டயர்கள் மூன்று மாதத்துக்கு உள்பட்டவை. இரண்டு, 2022-இல் செய்தவை. நிழலில், மாட்டாமல் வைத்த டயர் அவ்வளவு கெடாது என்று கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. ஆனாலும் முழு விலை கொடுப்பவன் ஏன் இரண்டு வயதுப் பிள்ளையை வாங்க வேண்டும்? மாற்றிக் கொடுத்தார். நைட்ரஜன் நிரப்பட்டுமா என்றார். சாதாரணக் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். அந்தக் காசுக்கு மாதம் ஒருமுறை காற்றை அளக்கும் கருவி ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று அத்தானிடம் சொன்னேன். வாங்கினார்.

இரண்டே டயர் மாற்றுபவர்களுக்கு ஒரு சொல்: புதியதைப் பின்னால் மாட்டுங்கள். நம் ஊரில் எல்லோரும் முன்னால்தான் மாட்டுகிறார்கள், பணிமனைப் பழக்கத்தில் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். கார் வேறு. ஈரச் சாலையில் முன்சக்கரம் வழுக்கினால் ஸ்டீயரிங்கில் தெரியும், வேகத்தைக் குறைக்கலாம். பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்ற பிறகுதான் தெரியும்.

அத்தான் தலைமை ஆசிரியர் வழக்கத்தில், காரின் பதிவுச் சான்று வைக்கும் உறைக்குள் ஒரு தாளில் ஐந்து டயருக்கும் வரிசை எண், பிறந்த தேதி, சேர்ந்த தேதி என்று கட்டம் போட்டு எழுதி வைத்துக்கொண்டார்.

பழைய நான்கையும் என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. தலைக்கு முந்நூறு தருவதாகக் கடையில் சொன்னார்கள். அவை எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். பள்ளத்தை ஆழமாகக் கீறி, கறுப்பு பூசி, சாலையோரப் பழைய டயர்க் கடையில் அடுக்குவார்கள். யாரோ ஒரு வாடகைக் கார்க்காரர் வாங்கி மாட்டுவார். பையிலிருந்து ரம்பத்தை எடுத்து, கடை வாசலிலேயே உட்கார்ந்து, ஒவ்வொன்றின் பக்கச்சுவரையும் அறுக்க ஆரம்பித்தேன். ஆயிரத்து இருநூறு ரூபாய் போகிறதே என்று அத்தான் முகத்தைச் சுளித்தார். கடைப் பையன் ஓடிவந்து, குனிந்து, பள்ளத்துக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "ஐயா, ஏன் அறுக்கிறீர்கள்? பட்டன் நன்றாக இருக்கிறதே!"